மொட்டைமாடிப் பாவும் இரண்டு கஞ்சிகளும்

அம்மாபேட்டையில் எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு குழித்தறி. மாமா, அதாவது என் மாமனார், இன்றும் நாளுக்கு நான்கு மணி நேரம் அதில் உட்காருகிறார். விற்பனைக்காக அல்ல. உட்காராவிட்டால் முதுகு வலிக்கிறது என்கிறார். எனக்குத் தறி தெரியாது. நான் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்.

எங்களுக்குப் பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, கஞ்சியில் தோய்த்துக் கொடுத்துவந்தவர் இந்தத் தைப்பொங்கலோடு தொழிலை விட்டுவிட்டார். வீட்டில் பன்னிரண்டு மீட்டர் பாவு கஞ்சி காணாமல் கிடந்தது. நாற்பதாம் நம்பர் ஒற்றை இழைப் பருத்தி. முறுக்கிய இரட்டை இழையாக இருந்தால் எப்படியாவது சமாளிக்கலாம். ஒற்றை இழையைக் கஞ்சி இல்லாமல் தறியில் ஏற்றினால், இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற அச்சின் பல்லில் உரசி உரசிப் பிசிறு எழும்பும், பத்து நிமிடத்துக்கு ஓர் இழை அறும். முடிச்சுப் போட்டே பொழுது போய்விடும்.

சேலத்தில் குகை, அம்மாபேட்டை போன்ற நெசவாளர் பகுதிகளில் பாவடி என்ற திறந்தவெளி உண்டு. பாவை நீளமாக விரித்துக் கஞ்சி தடவுவதற்கென்றே விடப்பட்ட இடம். இன்று அங்கே பையன்கள் பந்து விளையாடுகிறார்கள். எனவே மொட்டைமாடிதான் எங்கள் பாவடி என்று முடிவானது. மாமாவுக்கு அரிசிக் கஞ்சி போதும். எனக்கோ வேறு ஆசை. ஆலைகளில் கஞ்சியோடு ஏதோ பவுடர் கலக்கிறார்கள் என்று அவரே பல தடவை முணுமுணுத்திருக்கிறார். அந்தப் பவுடர் பாலிவினைல் ஆல்கஹால். எங்கள் ஆய்வகத்தில் மல மாதிரியில் உள்ள ஒட்டுண்ணிகளைச் சிதையாமல் நிலைநிறுத்தும் கரைசலிலும் அது உண்டு. ஆகவே எனக்குப் பெயரளவில் பழக்கம்.

மரவள்ளி மாவு லீ பஜாரில் கிடைத்தது. ஜவ்வரிசிக்குப் பேர்போன ஊரில் அதற்கு அலையவேண்டியதில்லை. பவுடருக்குத்தான் நெசவு ரசாயனங்கள் விற்கும் கடைக்குப் போகவேண்டியிருந்தது. கடைக்காரர் இரண்டு பைகளைக் காட்டி, இது வெந்நீர் ரகம், இது பச்சைத் தண்ணீர் ரகம் என்றார். ஒன்றின் மேல் 98 என்றும் மற்றதில் 88 என்றும் எழுதியிருந்தது. இரண்டிலும் கால் கிலோ வாங்கினேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மரவள்ளிக் கஞ்சி. ஒரு லிட்டர் மேட்டூர் தண்ணீருக்கு 70 கிராம் மாவு. போர்த் தண்ணீர் கூடாது, உப்பு என்பது மாமாவின் கட்டளை. ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கிய வெப்பமானியைச் செருகிக்கொண்டு கிளறினேன். 60 டிகிரி வரை பால்போல் ஓடிக்கொண்டிருந்தது. 65-ஐத் தாண்டியதும் கரண்டி கனத்தது, வெண்மை மறைந்து கண்ணாடிபோலத் தெளிந்தது. மாவின் ஒவ்வொரு மணிக்குள்ளும் மாவுச்சத்தின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிக் கிடக்கின்றன. சூடு அந்தப் பிடியைத் தளர்த்தும்போது தண்ணீர் உள்ளே நுழைகிறது. மணி ஊதி உடைந்து சங்கிலி வெளியே வருகிறது. இட்லி வேகும்போதும் இதுதான் நடக்கிறது. 90 டிகிரியில் இருபது நிமிடம் வைத்து, அரைக் கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு இறக்கினேன். எண்ணெய் இல்லாவிட்டால் காய்ந்த கஞ்சி விறைத்து நொறுங்கும்.

மாமா சூடு ஆறுமுன்பே விரலில் தொட்டுக் கட்டைவிரலோடு ஒட்டிப் பிரித்தார். சாண் நீளத்துக்கு இழை வந்தது. "அரிசிக் கஞ்சி இப்படி இழுக்காது. பாகுபோல வருகிறதே" என்றார். அது பாராட்டா குறையா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அடுத்தது 98. இதில்தான் என் ஆய்வகத் திமிர் வெளிப்பட்டது. கரைய மறுக்கும் பொருளை வெந்நீரில் போடு என்பதே எங்கள் பழக்கம். கொதிக்கும் தண்ணீரில் 45 கிராம் பவுடரை ஒரேயடியாகக் கொட்டினேன். கண்ணெதிரே கொழுக்கட்டை கொழுக்கட்டையாகத் திரண்டுகொண்டது. ஒன்றை எடுத்துக் கத்தியால் வெட்டினால் வெளியே வழவழப்பான ஜெல்லித் தோல், நடுவில் துளி ஈரம் படாத வெள்ளைப் பவுடர். வெந்நீர் பட்டதும் மேற்பரப்பு உடனே ஊதிப் பசையாகி, உள்ளே போகிற தண்ணீருக்குக் கதவைச் சாத்திவிடுகிறது. அந்தக் கட்டிகளைக் கரைக்க இரண்டரை மணி நேரமும் ஒரு மத்தும் தேவைப்பட்டன.

சரியான முறை தலைகீழ். பச்சைத் தண்ணீரைக் கிளறிக்கொண்டே பவுடரைக் கோலமாவு தூவுவதுபோலத் தூவவேண்டும். எல்லாம் நனைந்து மிதந்த பிறகு மெல்லச் சூடேற்றி 90, 95 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைக்கவேண்டும். அடிபிடிக்காமல் இருக்க, கொதிநீர் உள்ள அண்டாவுக்குள் பாத்திரத்தை இறக்கிவைத்துக் காய்ச்சுவது நல்லது. ஆறும்போது மேலே ஆடை படியும், மூடிவையுங்கள்.

88-ஐ அதேபோலத் தூவினேன். வெதுவெதுப்பான தண்ணீரிலேயே கரையத் தொடங்கிவிட்டது. இந்த வேறுபாடு என்னைச் சற்று நேரம் உட்காரவைத்தது. 98 என்பது அந்தச் சங்கிலியில் தண்ணீரை விரும்பும் ஹைட்ராக்சில் கைகள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. 88-இல் பன்னிரண்டு கைகளுக்குப் பதில் அசிட்டேட் என்ற, தண்ணீரை அவ்வளவாக விரும்பாத தொங்கல்கள். அப்படியானால் 98 அல்லவா முந்திக் கரையவேண்டும்? இல்லை. கைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பக்கத்துச் சங்கிலியின் கைகளையே பற்றிக்கொண்டு வரிசையாக அடுக்கிக்கொள்கின்றன. தண்ணீருக்கு நீட்ட ஒரு கைகூட மிஞ்சுவதில்லை. இடையிடையே முண்டாக நிற்கும் அசிட்டேட்தான் அந்த அடுக்கைக் கலைத்துத் தண்ணீருக்கு வழிவிடுகிறது.

அந்த அசிட்டேட் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவையான கதை. வினைல் ஆல்கஹால் என்ற தனிச் சரக்கை எடுத்துக் கோத்து இதைச் செய்ய முடியாது. அது நிலைத்து நிற்காமல் அசிட்டால்டிஹைடாக மாறிவிடும். ஆகவே முதலில் வினைல் அசிட்டேட்டைக் கோத்துச் சங்கிலியாக்கிவிட்டு, பிறகு காரம் விட்டு அசிட்டேட்டைக் கழற்றுகிறார்கள். தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசை கழற்றப்படாத அந்தத் தாய்ச் சங்கிலிதான். 1924-இல் ஜெர்மனியில் ஹெர்மன், ஹேனல் இருவரும் இப்படிக் கழற்றிப் பார்த்துப் பாலிவினைல் ஆல்கஹாலைக் கண்டார்கள். 1939-இல் ஜப்பானின் கியோட்டோவில் சகுராடாவும் கொரியரான ரி சுங்-கியும் அதையே நூலாக்கி, தண்ணீரில் கரையாதபடி ரசாயனம் ஊட்டி, வினைலான் என்ற துணி இழைக்கு வழிசெய்தார்கள். இங்கே நாம் துணியிலிருந்து கழுவித் தள்ளும் பொருள் அங்கே துணியாகவே இருந்திருக்கிறது. மாமாவிடம் சொன்னேன். "கஞ்சியையே உடுத்தினார்களா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

இனி என் பெரிய பிழை. இரண்டாவது வாரம், மிச்சம் வைத்த மரவள்ளிக் கஞ்சியில் புளித்த வாடை. ஓரத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை. பழைய ஆட்கள் இதற்கு மயில்துத்தம் போடுவார்களாம். விஷச் சரக்கை வீட்டில் புழங்க வேண்டாமென்று, நகை ஊதும் பட்டறையில் வைத்திருக்கும் வெங்காரத்தில் (போராக்ஸ்) கொஞ்சம் வாங்கிவந்து புதிதாகக் காய்ச்சிய கஞ்சியில் ஒரு சிட்டிகை கரைத்துவிட்டேன். சற்றுக் கெட்டிப்பட்டது, அவ்வளவுதான். அதே கையோடு 88 இருந்த பாத்திரத்திலும் விட்டேன்.

கரண்டி நின்றது. கிளறினால் பாத்திரமே சேர்ந்து சுற்றியது. தூக்கினால் கஞ்சி முழுவதும் ஒரே உருண்டையாக, இளநீர் வழுக்கைபோல ஆடிக்கொண்டு மேலே வந்தது. கீழே விட்டால் மெல்லப் பரவிப் பாத்திரத்தின் வடிவம் எடுக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் ரப்பர்போல அறுகிறது. மாமா எட்டிப் பார்த்து, "ஏம்மா, பாவுக்குக் கஞ்சி காய்ச்சச் சொன்னால் பந்து காய்ச்சியிருக்கிறாய்?" என்றார். மகள் அதில் ஒரு கைப்பிடியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவிட்டாள். துரத்திப் பிடித்துக் கையைக் கழுவவைத்தேன்.

நடந்தது இதுதான். வெங்காரத் தண்ணீர் காரத்தன்மை உள்ளது. அதில் இருக்கும் போரேட் அயனிக்கு நான்கு முனைகள். இரண்டு முனையால் ஒரு சங்கிலியையும் மற்ற இரண்டால் பக்கத்துச் சங்கிலியையும் பிடித்துக்கொள்கிறது. தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்த சங்கிலிகள் வலையாகிவிடுகின்றன. ஆனால் பிடி நிரந்தரமில்லை, விட்டுவிட்டுப் பிடிக்கும். அதனால்தான் மெல்ல இழுத்தால் ஓடுகிறது, வேகமாக இழுத்தால் அறுகிறது.

பிடி காரத்தில் மட்டும்தான் என்றால் புளிப்பு விட்டால் கழன்றுவிடவேண்டுமே? இரண்டு மூடி வினிகர் விட்டுக் கிளறினேன். ஐந்து நிமிடத்தில் உருண்டை தளர்ந்து, ஓரம் கரைந்து, பழைய கஞ்சியாக ஓடத் தொடங்கியது. சோதித்தே பார்ப்போம் என்று இன்னொரு கிண்ணம் 88-இல் வெங்காரத்துக்குப் பதில் கேரம் பலகைக்குத் தூவும் போரிக் பவுடரைக் கரைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதில் சிட்டிகை சோடா உப்பைப் போட்டதும் திரண்டுகொண்டது. போரான் இரண்டிலும் ஒன்றே. எந்தச் சூழலில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சரிசெய்த 88-ஐ வீணாக்க மனமில்லாமல் மாதிரிக்கு வைத்துக்கொண்டேன். பின்னால் அது என்னை ஏமாற்றப் போகிறது என்று அப்போது தெரியாது.

மாதிரி என்றால், பாவிலிருந்து நூறு நூறு இழைகளாக மூன்று கற்றைகள். ஒன்று மரவள்ளி, ஒன்று 98, ஒன்று சரிசெய்த 88. விடியற்காலை ஐந்தரைக்கு, சேர்வராயன் மலை விளிம்பு தெரிய ஆரம்பிக்கும் நேரத்தில், மாடியின் இரு முனைகளில் கட்டி இழுத்து, கஞ்சியில் தோய்த்த துணியால் நீவினோம். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கக் குறுக்கே குச்சிகளைச் செருகி, மாமா தூரிகையால் ஒரே திசையில் வாரிக்கொண்டே போனார். வெயில் ஏறுமுன் முடித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் பாதிக் கஞ்சி பாத்திரத்திலேயே தோலாகிவிடும்.

காய்ந்ததும் பழைய அச்சுத் துண்டு ஒன்றில் ஒவ்வொரு கற்றையையும் ஐந்நூறு முறை முன்னும் பின்னும் இழுத்தேன். ஒப்பிட வைத்திருந்த, கஞ்சி இல்லாத வெறும் இழையில் முப்பத்தொன்று அறுந்தன. மரவள்ளியில் ஒன்பது, கீழே விரித்திருந்த கறுப்புத் துணியில் வெள்ளைத் தூள். 98-இல் இரண்டே இரண்டு, தூளே இல்லை. நான் கைதட்டப் போனேன். மாமா கற்றையைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த இரண்டு இழைகளைப் பிரித்துக் காட்டினார். சர்ரென்று ஒரு சத்தம். பிரிந்த இடத்தில் பிசிறு பூனைமுடிபோல நின்றது. படலம் அவ்வளவு வலு. பிரிக்கும்போது தான் கிழியாமல் நூலின் பஞ்சைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. மரவள்ளிப் படலம் நொறுங்கி வழிவிட்டுவிடும். "உடையவேண்டிய இடத்தில் உடையவேண்டும்" என்றார் மாமா. மூன்று வாரத்தில் நான் கற்றதை எல்லாம் அவர் கட்டைவிரல் முன்பே அறிந்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

முடிவில் பன்னிரண்டு மீட்டருக்கும் லிட்டருக்கு 60 கிராம் மரவள்ளி, 10 கிராம் 88 என்று கலந்து போட்டோம். இந்தத் தடவை வெங்காரம் இல்லை; அன்றன்றைக்குக் காய்ச்சியதை அன்றன்றைக்கே தீர்த்தோம்.

ஏற்றியதை இறக்கவும் தெரியவேண்டும். கஞ்சி போகாத துணி சாயத்தைச் சரியாக வாங்காது. மாவுச்சத்தை இறக்க ஆலைகளில் அமைலேஸ் நொதி வாங்குவார்கள். நான் முளைகட்டிய கேழ்வரகை அரைத்து வடிகட்டிக்கொண்டேன். முளைக்கும் தானியம் தன் மாவைச் சர்க்கரையாக்க அமைலேஸ் சுரக்கிறது. 1833-இல் பிரான்சில் பாயனும் பெர்சோவும் முளைத்த பார்லியிலிருந்துதான் இதை முதலில் பிரித்தெடுத்தார்கள். குழந்தைக்கு முளைகட்டிய ராகிக் கூழ் நீர்த்து இறங்குவதும் இதனால்தான். கணையம் வீங்கிய நோயாளியின் ரத்தத்தில் நான் தினமும் அளப்பதும் இதன் உறவுதான்.

50 டிகிரியில் கேழ்வரகுத் தண்ணீர். அதில் மூன்று கற்றைகள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டை எடுத்து, கிருமிகளுக்குச் சாயமேற்ற நாங்கள் பயன்படுத்தும் கிராம் அயோடினில் விட்டுப் பார்த்தேன். மரவள்ளி முதலில் கருநீலம். பிறகு ஊதா. பிறகு செம்பழுப்பு. நாற்பதாவது நிமிடத்தில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும். அயோடின் நீலமாவது சங்கிலி சுருளாக இருந்து தன் நடுவில் அதை வரிசையாக நிறுத்திக்கொள்ளும்போதுதான். நொதி வெட்ட வெட்டச் சுருள் குட்டையாகி, கடைசியில் நிறுத்த இடமில்லாமல் போகிறது.

சரிசெய்த 88 கற்றையிலோ நாற்பதாவது நிமிடத்திலும் பளிச்சென்று நீலப்பச்சை. மாவு எப்படியோ கலந்துவிட்டது என்று பாத்திரங்களை எல்லாம் தேய்த்துக் கழுவி மறுபடி செய்தேன். மறுபடியும் நீலப்பச்சை. ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகுதான் வெங்காரம் நினைவுக்கு வந்தது. போரிக் அமிலம் கூட இருந்தால் பாலிவினைல் ஆல்கஹாலும் அயோடினைப் பிடித்து நிறம் காட்டும். 98 அலசிய தண்ணீரில் அயோடின் விட்டேன், பழுப்பு மஞ்சள். கேரம் பவுடர் கரைசல் நாலு சொட்டு சேர்த்ததும் அதுவும் பச்சையேறியது. நான் செய்த பிழையே எனக்குச் சோதனை முறையைக் கற்றுக்கொடுத்துவிட்டது. பாலிவினைல் ஆல்கஹால் படலத்தை இழுத்து நீட்டி அயோடின் ஊட்டினால் ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் அனுப்பும் தாள் கிடைக்கும் என்று 1938-இல் அமெரிக்காவில் எட்வின் லேண்ட் கண்டார். கைபேசித் திரைகளில் அந்த வழித்தோன்றல் இன்றும் இருக்கிறது.

கேழ்வரகு நொதியால் பாலிவினைலைத் தொட முடியவில்லை. மாவுச்சத்தின் கண்ணிகளுக்கு நடுவே ஆக்சிஜன் பாலம் இருக்கிறது. நொதியின் கத்தரி விழுவது அந்தப் பாலத்தில். பாலிவினைலின் முதுகெலும்பு முழுக்கக் கார்பனோடு கார்பன். அதற்கு வெந்நீர்தான் வழி. 88 வெதுவெதுப்பான தண்ணீரில் போனது. 98-க்கு 85 டிகிரி வேண்டியிருந்தது. அதில் ஒரு துண்டை மட்டும் இஸ்திரி போட்டுவிட்டு அலசினேன். கொதிக்கவைத்த பிறகுதான் இறங்கியது. சூட்டில் சங்கிலிகள் இன்னும் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. வீட்டில் செய்பவர்கள் அலசுமுன் இஸ்திரி போடாதீர்கள்.

அலசிய தண்ணீரை இரண்டு பாட்டில்களில் ஊற்றி, தோட்டத்து மண் ஒரு கரண்டி போட்டு, மாடியில் வைத்தேன். மரவள்ளிப் பாட்டில் இரண்டாம் நாளே நாறியது. ஐந்தாம் நாள் மூடி தெறித்தது. மாவுச்சத்து நுண்ணுயிர்களுக்கு விருந்து. அதனால் அதிலும் கேடு உண்டு. சாக்கடையில் மொத்தமாகக் கொட்டினால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சித் தீர்த்துவிடும். 98 பாட்டில் நாற்பது நாள் கழித்தும் வாடையின்றித் தெளிவாக நின்றது. அயோடினும் கேரம் பவுடரும் விட்டால் முதல் நாள் பார்த்த அதே பச்சை. இதைத் தின்னும் பாக்டீரியா இல்லாமல் இல்லை. 1973-இலேயே ஜப்பானில் சூடோமோனாஸ் ஒன்றைக் கண்டார்கள். பழக்கப்பட்ட சுத்திகரிப்புத் தொட்டியில் அவை வேலை செய்யும். என் கரண்டி மண்ணில் அவை இல்லை போலும்.

இந்தப் பொருளை மருத்துவமும் பயனாக்கிக்கொள்கிறது. உலர்ந்த கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து சிலவற்றில் இருப்பது இதே பாலிவினைல் ஆல்கஹால், 1.4 சதவீதம். இதன் தூரத்துச் சொந்தமான பாலிஎத்திலீன் கிளைக்காலை மலச்சிக்கலுக்குக் கரைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். குடல் அதைச் செரிக்காது. அது தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு அப்படியே கடந்துபோகிறது.

98 பாட்டிலிலிருந்து கொஞ்சத்தை எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தேன். மாலையில் தட்டு காலியாகத் தெரிந்தது. மாமா நகத்தால் ஓரத்தை நெம்பினார். தட்டு முழுக்கப் படர்ந்திருந்த மெல்லிய படலம், வெங்காயத் தோலைப்போல முழுசாக உரிந்து வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவும் அந்தத் தண்ணீரிலா இருந்தது?" என்று கேட்டுவிட்டு, எங்கள் தெருச் சாக்கடை போகிற திசையை, திருமணிமுத்தாறு இருக்கும் பக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

தறியில் இப்போது மூன்றாவது துண்டு ஓடுகிறது. நாளுக்கு மூன்று நான்கு அறுப்பு. மாமாவின் கணக்கில் இது மோசமில்லை. தறிக்குழியின் ஈரம் கஞ்சியை விறைக்கவிடாமல் காப்பதும் ஒரு காரணம். பெரிய ஆலைகள் அலசிய தண்ணீரிலிருந்து பாலிவினைலைச் சவ்வு வடிகட்டியில் பிரித்து மறுபடி கஞ்சியில் சேர்க்கின்றன. எங்களிடம் சவ்வு கிடையாது, அண்டா உண்டு. அந்த 98 பாட்டிலைச் சுண்டக் காய்ச்சி அடுத்த பாவின் கஞ்சிக்கு ஊற்றப் போகிறோம். அதன்மேல் மாமா கரித்துண்டால் பெயர் எழுதி வைத்திருக்கிறார்: பழங்கஞ்சி.